உப்புத்தாளின் எண்ணும் மரத்தின் கீறலும்

எங்கள் வீட்டுத் தலைவாசலின் தேக்குக் கதவுக்குப் புதிதாக மெருகேற்ற முனைந்தபோது, பழைய வார்னிஷை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, இடையிலுள்ள தாள்களை விட்டு நேராக 220-ஆம் நம்பருக்குத் தாவினேன். தடவிப் பார்த்தபோது கதவு வழவழவென்றிருந்தது. மறுநாள் ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் திரவம்) பூசிய சில நொடிகளிலேயே, நெடுஞ்சட்டமும் குறுக்குச் சட்டமும் சேருமிடங்களில், ரேகைக்கு, அதாவது மர இழைகள் ஓடும் திசைக்கு, குறுக்காகக் கருங்கோடுகள் எழுந்து வந்தன. அவை எங்கிருந்து வந்தன என்பது தெரிந்தால், எந்தத் தாளை எப்போது எடுக்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உப்புத்தாளின் பரப்பில் ஒட்டியுள்ள ஒவ்வொரு துகளும் மிகச் சிறிய ஓர் உளி. தயாரிக்கும்போது, பசை பூசிய தாளை மின்புலத்தின் வழியே செலுத்துவதால் துகள்கள் எழும்பி, கூர்முனை வெளிநோக்கியிருக்கும்படி பசையில் குத்திட்டு நிற்கின்றன; அதன்மேல் இன்னொரு பூச்சுப் பசை அவற்றை இறுக்கிப் பிடிக்கிறது. இந்த உளிகள் மரத்தின்மேல் நகரும்போது ஒவ்வொன்றும் ஒரு கோட்டைக் கிழித்துச் செல்கிறது. ஆகவே எவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்தாலும் நாம் செய்வது கீறுவதுதான்; பெரிய கீறல்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிறிய கீறல்களை வைக்கிறோம், அவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்தவுடன் வழவழப்பு என்கிறோம்.

தாளின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண், துகள்களைச் சலித்துப் பிரிக்கும் சல்லடையிலிருந்து வந்தது. ஓர் அங்குலத்தில் கண்கள் கூடக்கூடத் துகள் பொடியாகும். எனவே எண் ஏற ஏறத் தாள் நைஸாகும். ஐரோப்பிய அளவுமுறையில் எண்ணுக்கு முன் 'பி' என்ற எழுத்து இருக்கும். அதன்படி பி80-இன் துகள் சராசரியாக 200 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. பி120-இல் அது 125 மைக்ரானாகவும், பி180-இல் 82 ஆகவும், பி220-இல் 68 ஆகவும் குறைகிறது. பி240-இலிருந்து தொடங்கும் நைஸான பொடிகளைச் சல்லடையால் பிரிப்பதில்லை. அவை திரவத்தில் எவ்வளவு வேகமாகப் படிகின்றன என்பதை வைத்து அளக்கிறார்கள்.

இப்போது என் கதவுக்கு வருகிறேன். 80-ஆம் நம்பர் தாள் மரத்தில் ஆழமான பள்ளங்களையும் அவற்றுக்கிடையே மேடுகளையும் விட்டுச் சென்றிருந்தது. அந்தப் பள்ளங்கள் மறைய வேண்டுமானால், அவற்றின் அடிமட்டம் வரை முழுப் பரப்பையும் தேய்த்து இறக்க வேண்டும். 220-ஆம் நம்பரின் சிறு துகள்கள் ஒவ்வொரு முறையும் எடுப்பது மெல்லிய படலம் மட்டுமே என்பதால், அவை மேடுகளின் தலையை மழுக்கியதோடு நின்றுவிட்டன. விரல் மேடுகளைத்தான் உணரும், குறுகிய பள்ளங்களை உணராது. ஆகவே கை ஏமாந்தது. ஸ்டெயினோ பள்ளங்களில் தேங்கி அவற்றைக் காட்டிக்கொடுத்தது. ரேகையோடு ஓடும் கீறல் மர இழைகளுக்கிடையே ஒளிந்துகொள்ளும். குறுக்கே ஓடுவது இழைகளை அறுத்துவிடுவதால் அங்கே நிறம் கூடுதலாக ஊறும்.

இதனால்தான் 80, 120, 180, 220 என்று படிப்படியாக ஏறவேண்டும். ஒவ்வொரு படியிலும் முந்தைய எண்ணைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் தாவாமலிருப்பது நல்ல கணக்கு. ஒரு படி முடிந்ததா என்பதை அறிய, தேய்க்கும் முன் பரப்பெங்கும் பென்சிலால் லேசாகக் கோடுகளை இழுத்துவிடுவேன். கோடுகள் எல்லா இடத்திலும் மறையும்வரை அடுத்த தாளை எடுப்பதில்லை. அதோடு, இருட்டிய பின் டார்ச்சை மரத்தோடு ஒட்டிக் கிடையாகப் பிடித்தால், பகலில் தெரியாத ஒவ்வொரு கீறலும் நிழல் விழுந்து தெரியும்.

துகள் எதனால் ஆனது என்பதும் முக்கியம். மரத்துக்குப் பெரும்பாலும் பயன்படுவது அலுமினியம் ஆக்சைடு. அதன் துகள்கள் எளிதில் தேய்வதில்லை. நீர் விட்டுத் தேய்க்கும் தாளான வாட்டர் பேப்பரில் இருப்பது சிலிக்கன் கார்பைடு. அதை 1890-களின் தொடக்கத்தில் அமெரிக்கர் எட்வர்ட் அச்சிசன் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது கண்டுபிடித்தார். மிகக் கடினமானது, ஆனால் நொறுங்கும் இயல்புடையது. நொறுங்கும்போதெல்லாம் புதிய கூர்முனை கிடைப்பதால், வார்னிஷ், பெயிண்ட், உலோகம் ஆகியவற்றை நீர் விட்டுத் தேய்க்க அதுவே உகந்தது.

தேக்குக்குத் தனிக் கவனம் தேவை. அதன் உடலிலேயே சிலிகா, அதாவது மணலில் இருக்கும் கடினப் பொருள், இருப்பதால் தாள் விரைவில் மழுங்கும். எண்ணெய்ப்பசை இருப்பதால் பொடி துகள்களுக்கிடையே அடைத்துக்கொள்ளும். அடைத்த தாளை உற்றுப் பார்த்தால், பழைய வார்னிஷ் சூட்டில் உருகிக் கடுகளவு முடிச்சுகளாகக் கெட்டித்திருப்பது தெரியும். அந்த ஒரு முடிச்சு போதும், சுருள்சுருளாகக் கீறல் போட. துகள்களுக்கு நடுவே இடைவெளி விட்டுச் செய்த தாள்கள் இதற்குப் பொருத்தமானவை. மழுங்கிய தாளை அழுத்தித் தேய்த்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பது தவறு. அது வெட்டுவதை விட்டுவிட்டு மரத்தைச் சூடாக்கி மினுக்கும், அந்த இடம் மட்டும் ஸ்டெயினைக் குடிக்காது.

அதே காரணத்தால், 400 வரை தேய்த்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று எண்ணுவதும் சரியன்று. பூச்சு பிடித்து நிற்கச் சிறு கீறல்கள் வேண்டும். ஸ்டெயின் பூசும் மரத்துக்கு 180 அல்லது 220-இல் நிறுத்திவிடலாம். 320, 400 எல்லாம் சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) பூசிக் காய்ந்தபின் இரண்டு பூச்சுகளுக்கு நடுவே லேசாகத் தேய்ப்பதற்கு உரியவை. பழைய பெயிண்ட் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது, நீர் விட்டுத் தேய்த்து, சேற்றைத் துணியில் வழித்தெடுக்க வேண்டும். வெறும் மரத்தூளும் நுரையீரலுக்குத் தீங்கானதுதான், முகக்கவசம் அவசியம்.

என் கதவை மீண்டும் 80-இலிருந்து தொடங்கி, இம்முறை 120-ஐயும் 180-ஐயும் தவறாமல் தேய்த்தேன். 180 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டேன். அறுபட்ட இழைகள் ஈரத்தில் உப்பி எழுந்து நின்றதால் மரம் சொரசொரவென்றானது, அந்த இழைகளை மட்டும் 220-ஆல் ரேகையோடு மெல்ல வழித்தேன். உள்ளிருக்கும் எண்ணெய் மேலேறுமுன், அன்று மாலையே ஸ்டெயினைப் பூசிவிட்டேன். மூலைகளில் ஒரு கோடும் எழவில்லை.