மென்பொருளுக்கு முன்பணம் கொடுக்கும் முன் படத்தைக் கேளுங்கள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் நண்டும் கணவாயும் கொள்முதல் செய்கிறவர்களுக்கு மென்பொருள் அமைத்துக் கொடுப்பது என் தொழில். புதிதாகக் கணினிக்கு மாற நினைப்பவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: திரையைப் பார்க்கும் முன் வேலை நடக்கும் வரிசையைப் படமாக வரைந்து தரும்படி கேளுங்கள். அதில் காத்திருப்பு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

“எப்படி வாங்குறீங்க?” என்று கேட்டால் எல்லோரும் செய்வதை மட்டுமே சொல்வார்கள். படகு வரும், தரம் பிரிப்போம், எடை போடுவோம், விலை போடுவோம், கணக்கு முடிப்போம். நிரல் எழுதுபவர் இதை அப்படியே ஒரே திரையாக்கிவிடுவார். நடப்பது வேறு. எடை காலையிலேயே முடிந்துவிடும். ஏற்றுமதி கம்பெனி விலை சொல்லச் சாயங்காலம் ஆகும். விலை இல்லாமல் திரை சேமிக்காது. எடை போடுகிறவர் என்ன செய்வார்? நேற்றைய விலையைப் போட்டு வைப்பார், சரியான கணக்கைத் தனி நோட்டில் எழுதுவார். மாதக் கடைசியில் படகுக்காரருக்கு முன்கூட்டிக் கொடுத்த பணத்தில் கழிவது திரையில் இருக்கும் விலைதான். அது குறைவாக இருந்தால் நஷ்டம் கடலுக்குப் போய் வந்தவருக்கு. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதற்குத்தான் பிபிஎம்என் (BPMN) என்று, வேலை நடக்கும் வரிசையைப் படமாக வரைவதற்கான குறியீட்டு முறை இருக்கிறது. மூலை வளைந்த பெட்டி என்றால் வேலை, சாய்சதுரம் என்றால் பாதை பிரியும் இடம். இரட்டைக் கோட்டு வட்டத்துக்குள் வெள்ளைத் தபால் உறை இருந்தால் தகவலுக்காகக் காத்திருக்கிறோம். கடிகாரம் இருந்தால் நேரத்துக்காக. விலை வருவது, இரவு எட்டு மணி ஆவது, இரண்டில் எது முந்துகிறதோ அந்த வழியில் போ என்றும் வரையலாம். எட்டு மணி முந்தினால் மேலாளருக்குத் தகவல் போகும், பொய் விலை ஏறாது.

2011இல் வந்த இதன் 2.0 பதிப்பு, படத்தைக் கணினி நேரடியாகப் படித்து இயக்கும் கோப்பாகவும் வைத்துக்கொள்ள வழி செய்தது. கமுண்டா, ஃப்ளோவபிள் போன்ற மென்பொருள்கள் அப்படித்தான் இயங்குகின்றன. எந்தக் கொள்முதல் எந்த இடத்தில் நிற்கிறது என்பது தரவுத்தளத்தில் பதிவாகிவிடுவதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் படம் இருந்தால் நிரலே வேண்டாம் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். தராசை இணைக்க, குறுஞ்செய்தி அனுப்ப, கணக்கில் ஏற்ற நிரல் எழுதித்தான் ஆக வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் படத்தில் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிற்கும், நாட்டுப்படகுகள் போகும். ‘சீசன் மூடியது’ என்று ஒரே பொத்தான் வைத்தால் நாட்டுப்படகுக்காரரிடம் வாங்கும் நண்டுக்கு ரசீது வராது.

படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்துக் கரைக்குக் கொண்டுபோங்கள். எடை போடுகிறவரை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்லுங்கள். “இங்க போன் பண்ணிக் கேப்போம்” என்று அவர் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் தபால் உறை வட்டம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வரையச் சொல்லிவிட்டு, அப்புறம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.