காணாக்கடியும் நசுங்கிய முதுகெலும்பும்: மாஸ்ட் செல் நோயாளிகளின் எலும்புகள்

விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கும் 43 வயதுக்காரர் ஒருவர், தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கியபோது முதுகில் சடக்கென்று ஏதோ முறிந்ததுபோல் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தார். (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அதற்குள் மூன்று மாதங்கள் கழிந்திருந்தன. முதலில் வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்திருக்கிறார்கள். பிறகு சுளுக்கு வழிப்பவரிடம் போயிருக்கிறார். அதன்பின் ஜவ்வு விலகல் என்று சொல்லி இடுப்புப் பட்டை கொடுத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் மூன்று முதுகெலும்புகள் முன்பக்கம் நசுங்கி ஆப்புப் போல இருந்தன. விபத்து இல்லை, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதில்லை, மதுப் பழக்கமும் இல்லை.

முதுகைத் தட்டிப் பார்ப்பதற்காகச் சட்டையைக் கழற்றச் சொன்னபோதுதான், இடுப்பிலிருந்து தொடை வரை துவரம்பருப்பு அளவில் பழுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்ததைக் கண்டேன். "பத்து வருசமா இருக்குதுங்க டாக்டர், வெந்நீர்ல குளிச்சா செவந்து அரிக்கும், சூட்டு ஒடம்புன்னு விட்டுட்டேன்" என்றார். ஒரு புள்ளியைப் பேனாவின் முனையால் நாலைந்து முறை உரசிவிட்டுக் காத்திருந்தேன். சில நிமிடங்களில் அந்த இடம் மட்டும் சிவந்து தடித்து எழும்பியது. அவர் மனைவியிடம் கேட்டதற்கு, இரண்டு வருடங்களுக்கு முன் குளவி கொட்டியபோது அவர் நினைவிழந்து விழுந்ததாகவும், பக்கத்து மருத்துவமனையில் நாடியே கிடைக்கவில்லை என்று பதறியதாகவும் சொன்னார். முறிந்த எலும்பு, தோல் புள்ளி, குளவிக் கடியில் மயக்கம் ஆகிய மூன்றையும் மூன்று தனித்தனிச் சங்கதிகளாகவே அந்தக் குடும்பம் சுமந்து வந்திருந்தது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் வெளியிடும் டிரிப்டேஸ் என்ற புரதம், சீரத்தில் மில்லிலிட்டருக்கு 48 நானோகிராம் என்று இயல்பை விட மிக அதிகமாக இருந்தது. இரத்தவியல் நிபுணர் செய்த எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, இது மாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகும் மாஸ்டோசைட்டோசிஸ் நோய் என்பதை உறுதிப்படுத்தியது.

மாஸ்ட் செல்களுக்கு 1878-ஆம் ஆண்டு தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் பவுல் எர்லிஹ். தோல், குடல், மூச்சுப்பாதை என்று வெளியுலகம் உடலைத் தொடும் இடங்களில் இவை காவலிருக்கின்றன. ஆபத்து வந்தால் தம் உள்ளே சேமித்திருக்கும் ஹிஸ்டமின், டிரிப்டேஸ், ஹெபாரின் முதலியவற்றைக் கொட்டுகின்றன. மாஸ்டோசைட்டோசிஸில், ‘கிட்’ என்னும் மரபணுவில் உண்டாகும் ஒரு மாற்றத்தால் (பெரும்பாலான பெரியவர்களில் அது 816-ஆம் இடத்தில் நிகழ்கிறது) இந்தச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி எலும்பு மஜ்ஜையில் கூட்டம் கூட்டமாகத் தங்கிவிடுகின்றன. இது பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதன்று. பிறந்தபின் உடலில் ஏற்படும் மாற்றம்.

எலும்பு நாள்தோறும் கரைக்கப்பட்டு நாள்தோறும் கட்டப்படுகிற பொருள். மஜ்ஜையில் தங்கிய மாஸ்ட் செல்கள் வெளியிடும் ஹிஸ்டமினும், இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களும் கரைக்கும் செல்களை ஓயாமல் தூண்டுகின்றன. கட்டுகிற வேலையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. நீண்டநாள் ஹெபாரின் ஊசி போட்டவர்களுக்கு எலும்பு மெலிவது மருத்துவர்கள் அறிந்ததே. இவர்களுக்கோ ஹெபாரின் உள்ளேயே சுரக்கிறது. தேன்கூடு போன்ற உள்வலை மிகுந்த முதுகெலும்புகள்தான் முதலில் பலியாகின்றன. முற்றிய நிலையில் சிலருக்கு இதற்கு நேர்மாறாக எலும்பு கெட்டித்துப்போவதும் உண்டு.

இங்கே நம் சொல் ஒன்று தடையாக நிற்கிறது. மூட்டு தேய்ந்தாலும் எலும்புத் தேய்மானம், எலும்பு சல்லடையானாலும் எலும்புத் தேய்மானம் என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டாவதற்குப் பாடநூல்கள் எலும்புப்புரை என்று தனிப்பெயர் வைத்திருக்கின்றன. அதையே இங்கும் பயன்படுத்துகிறேன். ஏனெனில், "தேய்மானம் வயசானா வரும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பப்படும் நாற்பது வயது ஆணின் முதுகெலும்பு, அடுத்த தும்மலில் நசுங்கக்கூடும்.

உடல் முழுதும் பரவிய மாஸ்டோசைட்டோசிஸ் உள்ள பெரியவர்களில், ஆய்வுகளைப் பொறுத்து, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை எலும்புப்புரை காணப்படுகிறது. சாதாரண எலும்புப்புரை மாதவிடாய் நின்ற பெண்களின் நோய் என்று நாம் படித்திருக்க, இந்நோயிலோ ஐம்பதைத் தாண்டாத ஆண்களும் முதுகெலும்பு முறிவோடு வருகிறார்கள். இன்னும் கடினமானது, தோலில் ஒரு புள்ளியும் இல்லாமல் மஜ்ஜையில் மட்டும் நோய் இருக்கும் வகை; அதில் டிரிப்டேஸும் சற்றே உயர்ந்திருக்கலாம், இயல்பாகவும் இருக்கலாம். ஆகையால் காரணம் தெரியாத முறிவோடு வருபவரிடம் காணாக்கடி (தோலில் திடீரெனத் தடித்து அரிப்பது), திடீர் முகச் சிவப்பு, வயிற்றுப்போக்கு, பூச்சிக் கடியில் மயக்கம் ஆகியவற்றைக் கேட்பதும், டிரிப்டேஸ் இயல்பாக இருந்தாலும் சந்தேகம் வலுவாக இருந்தால் இரத்தத்தில் ‘கிட்’ மாற்றத்தைத் தேடுவதும் அவசியம். புற்றுநோயான மைலோமா, முதுகெலும்புக் காசநோய், தைராய்டு மற்றும் பாராதைராய்டு கோளாறுகள், ஆண் ஹார்மோன் குறைவு ஆகியவற்றையும் கூடவே விலக்கியாக வேண்டும்.

மாஸ்டோசைட்டோசிஸ் என்று ஏற்கெனவே தெரிந்த பெரியவர்கள் அனைவரும், வலி இல்லாவிட்டாலும், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் முதுகெலும்பின் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று போதாதா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிடும் டெக்ஸாவின் டி-ஸ்கோர் எலும்புப்புரையின் எல்லையான −2.5-ஐத் தொடாதவர்களிடமும் நசுங்கிய முதுகெலும்புகளைப் பார்க்கிறோம்; அவற்றில் பல, வலியே இல்லாமல் நசுங்கியவை. ஐம்பது வயதுக்குட்பட்ட ஆண்களிலும் மாதவிடாய் நிற்காத பெண்களிலும் டி-ஸ்கோரை விட, சம வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரையே பார்க்க வேண்டும். தோலில் மட்டும் புள்ளிகள் உள்ள குழந்தைகளின் பெற்றோர் இதைப் படித்து அஞ்ச வேண்டாம். குழந்தைப் பருவ நோய் பெரும்பாலும் தோலோடு நின்று, வளர வளரத் தணிகிறது. அதேபோல், மாஸ்ட் செல்கள் பெருகாமல் தூண்டப்பட மட்டும் செய்கிற நோயாளிகளின் எலும்புகளைப் பொறுத்தவரை என் கவலை வேறு: ஒவ்வொரு தடிப்புக்கும் போடப்படும் ஸ்டீராய்டு ஊசியும், ஒவ்வாமைக்கு அஞ்சிப் பால், மீன், வெயில் அத்தனையையும் ஒதுக்கிய வாழ்க்கையும்.

சிகிச்சையில் வைட்டமின் டி, கால்சியம் அடித்தளம். அவை மட்டும் போதா. கரைக்கும் செல்களை அடக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகள்தாம் முதல் தேர்வு. இந்நோயில் ஹிஸ்டமின் மிகுதியால் வயிற்றில் அமிலம் பெருகுவதால், உணவுக்குழாயை எரிக்கும், வாரம் ஒருமுறை விழுங்கும் இவ்வகை மாத்திரை பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை; ஆண்டுக்கொரு முறை சிரை வழியாக ஏற்றும், இதே வகையைச் சேர்ந்த சோலெட்ரோனிக் அமிலம் அவர்களுக்கு ஏற்றது. சிறுநீரகச் செயல்பாட்டையும் பற்களையும் முன்னதாகப் பார்த்துவிடுவோம். அமிலக் குறைப்பு மாத்திரை எடுப்பவர்களுக்குக் கால்சியம் கார்பனேட்டை விட சிட்ரேட் நன்றாக உட்கிரகிக்கப்படும். எலும்பு கரைவதைத் தடுக்க ஆறு மாதத்துக்கொரு முறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தொடங்கியவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து, ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் முறிந்ததுண்டு.

முறிவின் வலிக்கு நாம் கைநீட்டும் டைக்ளோபினாக் வகை மாத்திரைகளும், மார்பின், கோடீன் போன்றவையும் சில மாஸ்ட் செல் நோயாளிகளுக்கு ஒவ்வாமை அதிர்ச்சியைக் கிளப்பிவிடும். முன்பு எது ஒத்துக்கொண்டது என்று கேட்டறிந்து, சந்தேகம் இருந்தால் பாராசிட்டமாலில் தொடங்குவதே என் வழக்கம்.

அந்தத் தறிக்காரருக்கு, முன்கூட்டியே ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் பாராசிட்டமாலும் கொடுத்து, ஒரு பகல் முழுதும் கண்காணிப்பில் வைத்துத்தான் முதல் சோலெட்ரோனிக் அமிலத்தை ஏற்றினோம். அன்றிரவு காய்ச்சல் வந்தது. அது வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அவர்கள் கலங்கவில்லை. ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால் உடனே போட வேண்டிய பேனா வடிவ அட்ரினலின் ஊசி நம் ஊரில் எளிதில் கிடைக்காததால், ஆம்பூலை உடைத்துச் சிரிஞ்சில் ஏற்றித் தொடையின் வெளிப்புறத் தசையில் போடுவதற்கு அவர் மனைவிக்கு ஆரஞ்சுப் பழத்தில் பழக்கிக் கொடுத்தோம். நோயின் பெயர், தவிர்க்க வேண்டிய மருந்துகள், மயக்க மருந்து கொடுப்பவருக்கான குறிப்பு ஆகியவற்றைத் தமிழில் எழுதிய அட்டை ஒன்று அவர் சட்டைப் பையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் முதலில் சுவரோரம் நிறுத்தி உயரம் அளக்கிறோம். இரண்டு ஆண்டுகளாக அது 161 சென்டிமீட்டரிலேயே நிற்கிறது.