பேஸ் இல்லையென்றால் சத்தத்தைக் கூட்டாதீர்கள், இறப்பரை மாற்றுங்கள்

செவிப்பரிசோதனைக்கு வருகிற இளம்பிள்ளைகள் பலர் முதலில் காதைப் பற்றிச் சொல்வதில்லை. கையிலிருக்கிற ஹேன்ட்ஸ்ப்ரீயை, அதாவது காதுக்குள் போடும் ஹெட்போனைப் பற்றித்தான் சொல்கிறார்கள். "இதில பேஸே இல்லை. அதால ஃபுல் சவுண்டிலதான் கேக்கிறனான்." பேஸ் என்பது பாட்டின் தாழ்ந்த அடித்தொனி. இரண்டு மூன்று தரம் புதிதாக வாங்கியும் திருப்தியில்லை. இரவில் படுத்தால் காதுக்குள் 'கீ' என்று இரைகிறது. ஹேன்ட்ஸ்ப்ரீயை வாங்கிப் பார்த்தால், பெட்டியிலிருந்து வரும்போது முனையில் மாட்டியிருந்த நடுத்தர அளவு இறப்பர் அப்படியே இருக்கும். சின்னதும் பெரியதும் அவற்றின் பொலித்தீன் பையை விட்டு வெளியே வந்திருக்காது. பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்கும். இந்த ஒரு காரணத்தால் காதைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. அதனால் இதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

காதுக்குள் போடும் ஹெட்போனில் ஒலியைத் தருகிற சவ்வு பெரும்பாலும் 6 முதல் 12 மில்லிமீற்றர் அகலம்தான். கோயில் திருவிழாவில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி தருகிற அடித்தொனியை இந்தப் பொட்டளவு சவ்வு எப்படித் தரும்? காதுத்துளைக்குள் அடைபட்டிருக்கும் கொஞ்சக் காற்றை அமுக்கியும் தளர்த்தியும் தருகிறது. அந்தக் காற்று அடைபட்டுத்தான் இருக்கவேண்டும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் இறுக்கிப் பொத்திக்கொண்டு அடித்தால் காற்று விரலைத் தள்ளும். விரலைச் சற்று விலக்கினால் புஸ்ஸென்று போய்விடும். பம்பில் பழுதில்லை, வாய்தான் பொத்தப்படவில்லை. ஹெட்போனும் அப்படித்தான். இறப்பருக்கும் தோலுக்கும் இடையில் மெல்லிய இடைவெளி இருந்தாலே தாழ்ந்த ஒலிகள் ஒழுகிவிடும். உயர்ந்த ஒலிகளுக்கு அந்த அடைப்பு அவ்வளவு தேவையில்லை, அவை செவிப்பறைக்கு வந்து சேர்ந்துவிடும். மிஞ்சுவது மெலிந்து கீச்சிடும் ஒரு பாட்டு. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் இதுதான் நடக்கும்.

நம்பிக்கை வராவிட்டால் மிருதங்கமும் வயலினும் உள்ள ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டுக் கேளுங்கள். மிருதங்கத்தில் அடித்தொனி தருகிற தொப்பிப் பக்கத்துத் 'தொம்' உருண்டு திரண்டு வரவேண்டும். வயலின் மட்டும் முன்னுக்கு நின்று, தொப்பி அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் கேட்டால், இரண்டு பக்கத்தையும் விரலால் மெதுவாக உள்ளே அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியதும் தொப்பி திரும்பி வருகிறதா? அப்படியென்றால் ஹெட்போன் நல்லது, இறப்பர்தான் உங்கள் காதுக்குப் பொருந்தவில்லை. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூடத் தேவையில்லை. இதைச் செய்யாமல் ஃபோனில் பேஸைக் கூட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஒழுகுகிற வாளியில் தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் வாளி நிறையாது, ஓட்டையை அடையுங்கள்.

பேஸைத் தேடிச் சத்தத்தைக் கூட்டும்போது பேஸ் வருவதில்லை, ஏற்கனவே கூடுதலாக இருக்கிற உயர்ந்த ஒலிதான் இன்னும் கூடுகிறது. மனிதக் காதுத்துளை தன் வடிவத்தாலேயே 3,000 ஹேர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைப் பெருக்கிக் கொடுக்கும். சத்தத்தால் கெட்ட காதைப் பரிசோதிக்கும்போது வரைபடத்தில் முதல் பள்ளம் பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸை அண்டித்தான் விழும். இந்த நிலையில் ஒருவருக்குப் பேச்சு கேட்கும், வீட்டார் கூப்பிட்டால் திரும்புவார். கூட்டத்தில் யாராவது பேசினால் சொற்கள் பிரியாது. பலருக்கு அவ்வளவுதான் அறிகுறி. போனது திரும்பி வராது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் கிழமைக்கு 40 மணித்தியாலம். சிறுவர்களுக்கு 75 டெசிபலில் அதே 40. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83க்கு 20 மணித்தியாலம், 86க்கு 10, 89க்கு 5, 92க்கு இரண்டரை. 98 டெசிபலுக்கு வரும்போது ஒரு கிழமைக்கு உரியது ஏறத்தாழ 38 நிமிடம். திருகோணமலையில் ஏறிய பஸ் கந்தளாயைத் தொடுமுன்பே அந்தக் கிழமைக்கான பங்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஹபரணை, தம்புள்ளை, கொழும்பு வரை கேட்பதெல்லாம் கடன்.

இனி இறப்பரை எப்படிப் பார்த்து எடுப்பது என்பது. இரண்டு காதுத்துளையும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்றில்லை. இடப் பக்கத்துக்கு நடுத்தரமும் வலப் பக்கத்துக்குச் சின்னதும் போட்டால் எந்தக் குற்றமுமில்லை. நிறையப் பேருக்கு அதுதான் சரி. துளை நேர்க்குழாயல்ல, வளைந்தது. ஆகவே ஒரு கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய் காதுமடலை மேலும் பின்னுமாக மெதுவாக இழுங்கள், மற்றக் கையால் ஹெட்போனைச் சற்றுத் திருகியபடி செருகுங்கள், பிறகு மடலை விடுங்கள். பொருந்தியிருந்தால் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும், நடந்தால் காலடி தலைக்குள் இடிக்கும். இது பழுதல்ல, துளை அடைபட்டதற்கு அடையாளம். அடுத்ததாக வாயைத் திறந்து மூடுங்கள், எதையாவது மென்று பாருங்கள். தாடை அசையும்போது துளையின் வடிவமும் மாறும். மெல்லும்போது பேஸ் போய்விட்டால் ஓர் அளவு பெரியதை எடுங்கள். பத்து நிமிடத்துக்குள் துளையின் வாசலில் வலி வந்தால், அல்லது வெளியே வெளியே வழுகி வந்தால், அது பெரிது. 'பெரிசு போட்டா இறுக்கமா நிக்கும்' என்பது தவறு. பெரிய இறப்பர் சுருங்கி மடியும், மடிப்பினூடாக ஒழுகும். வலியும் கிடைக்கும், பேஸும் கிடைக்காது.

சிலிக்கன் எதுவும் ஒத்துவராதவர்கள் ஃபோம் முனையைப் பார்க்கலாம். விரல்களுக்கிடையில் உருட்டி மெலிதாக்கி, செருகி, விரிந்து அடைக்கும்வரை ஏறத்தாழ அரை நிமிடம் பிடித்திருக்கவேண்டும். அவசரப்பட்டு விட்டால் பிதுங்கி வெளியே வந்துவிடும். நல்ல ஃபோம் வெளிச்சத்தத்தைச் சிலிக்கனைவிடக் கூடுதலாக மறிக்கும், உயர்ந்த ஒலியின் கூர்மையையும் கொஞ்சம் மழுக்கும். குறை என்னவென்றால் வியர்வையைக் குடிக்கும். நம்முடைய புழுக்கத்துக்கு அது சில மாதங்களிலேயே பிசுபிசுத்துவிடும். அப்போது மாற்றவேண்டும், கழுவிக் காப்பாற்ற முடியாது. மூன்றடுக்குக் குடைபோன்ற முனையுடன் ஆழமாகப் போகும் வகை ஒன்றும் இருக்கிறது. எற்றிமோட்டிக் நிறுவனம் 1991இல் கொண்டுவந்த ஈஆர்-4 அப்படிப்பட்டது. சத்தத்தை மிக நன்றாக மறிக்கும், ஒலி தெளிவு. ஆனால் துளையின் உட்பகுதித் தோல் எலும்போடு ஒட்டிய மெல்லிய தோல். அங்கே எதுவும் படுவதைப் பலரால் தாங்கமுடியாது, பழக்கமில்லாதவருக்கு நான் சொல்லமாட்டேன்.

இறப்பரே இல்லாமல் மடலில் சும்மா உட்காரும் வகை, சாதாரண ஏர்பொட்ஸ் போன்றவை, போட்டிருக்கச் சுகமானவை. அமைதியான அறையில் அழைப்பு எடுக்க அவற்றைவிட நல்லது இல்லை. பஸ்ஸில் வேண்டாம். வெளிச்சத்தத்தை அவை மறிப்பதில்லை, எஞ்சின் இரைச்சலும் ட்ரைவர் போடும் பாட்டும் அப்படியே உள்ளே வரும், அதற்கு மேலால் உங்கள் பாட்டைக் கேட்கக் கை தானாகவே சத்தத்தைக் கூட்டும். நீண்ட பயணத்துக்கு நன்றாக அடைக்கிற இறப்பர் போட்ட வகைதான் பாதுகாப்பு. இரைச்சலை எதிர் ஒலியால் குறைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. எஞ்சின் உறுமல் போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான ஒலியில்தான் அது நன்றாக வேலைசெய்யும். அது காதுக்குக் கெடுதல் என்று யாரோ சொன்னதை நம்பி அணைத்துவைத்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறவர்கள், தயவுசெய்து அதைப் போடுங்கள். வீதியில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போகும்போது மட்டும் எந்த வகையும் காதில் இருக்கக்கூடாது.

கடையில் இரண்டை ஒப்பிட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். ஃபோனில் ஒரே அளவு சத்தம் வைத்தால் இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்கும் என்று நினைக்காதீர்கள். ஒன்று இயல்பிலேயே 10 டெசிபல் கூடுதலாகக் கத்தலாம். மனிதக் காது பெரும்பாலும் சத்தம் கூடியதையே 'நல்லது' என்று தீர்ப்புச் சொல்லும். குரல் இரண்டிலும் ஒரே அளவாகக் கேட்கும்படி சரிசெய்துவிட்டு ஒப்பிடுங்கள், அதுவும் ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற இறப்பரோடு. டிரைவர் (ஒலியைத் தருகிற சவ்வுப் பகுதி) 13 மில்லிமீற்றர், 14 மில்லிமீற்றர் என்று பெட்டியில் எழுதியிருப்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம். செவிப்புலன் கருவிகளில் பாவிக்கும் ஒலிபெருக்கி அதைவிட எவ்வளவோ சிறியது, தெளிவாகத்தான் ஒலிக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது இறப்பர் மாட்டும் குழலின் தடிப்பை. தடித்த குழல் சின்னக் காதுகளுக்கு, முக்கியமாகப் பெண்கள், பிள்ளைகளின் காதுகளுக்கு, எந்த இறப்பர் போட்டாலும் வலிக்கும். வயர் உள்ளதென்றால் வயரைக் காதுக்கு மேலால் சுற்றிவிடுங்கள், சட்டையில் உரசும் சத்தம் குறையும்.

அடுத்தது ஈரம். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடலில் குளித்துவிட்டு, கன்னியாவில் தலையில் வெந்நீர் வார்த்துவிட்டு, தலை துவட்டியதும் காதில் ஹெட்போனைச் செருகுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈரமும் சூடும் அடைப்பும் சேர்ந்தால் பங்கசுக்கு வேறென்ன வேண்டும்? முதலில் கடி (அரிப்பு), பிறகு நீர்வடிதல், அடைப்பு; சிலரின் காதுக்குள் நனைந்த பத்திரிகைக் கடதாசிபோல் கறுப்புப் புள்ளிகளோடு திரண்டிருக்கும். தலையை இரு பக்கமும் சாய்த்து நீரை வடித்து, குறைந்தது அரை மணித்தியாலம் காயவிட்டுப் போடுங்கள். கடித்தால் கொட்டன் பட்ஸ், கோழியிறகு, சட்டைப்பின், உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய், இவை ஒன்றும் காதுக்குள் போகக்கூடாது. எத்தனை தரம் சொல்வது! சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காதில் கடும் வலி, அதுவும் இரவில் தூங்கவிடாத வலி வந்தால், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அது எலும்புவரை பரவக்கூடிய தொற்றாக இருக்கலாம். 'தண்ணீர் புகாது' என்று எழுதியிருக்கும் ஹெட்போனும் நல்ல தண்ணீரில் சோதிக்கப்பட்டதுதான், கடல்நீருக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

சிலிக்கன் இறப்பரைக் கிழமைக்கு ஒருதரமாவது கழற்றி, வெதுவெதுப்பான நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி, முற்றாகக் காயவைத்து மாட்டுங்கள். குழலின் வலையை நனைக்க வேண்டாம். வலை நிலத்தைப் பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷால் துடையுங்கள். மேல்நோக்கிப் பிடித்துத் துடைத்தால் காதுக்குறும்பி உள்ளே விழும். ஒருவர் போட்டதை மற்றவர் போடுவதையும் நிறுத்துங்கள், கூட்டாளியாக இருந்தாலும்.

இறப்பர் காதுக்குள் கழன்று தங்கிவிட்டால் வீட்டில் எடுக்க முயலாதீர்கள். சட்டைப்பின் போட்டுக் கிண்டுவது அதை ஆழத் தள்ளுவதற்குத்தான் உதவும்.

கடைசியாக, 'ஒரு பக்கம் கேக்குதில்லை' என்பது. புதுசு வாங்கக் கடைக்கு ஓடுமுன் வலதை இடக் காதிலும் இடதை வலக் காதிலும் கையால் பிடித்து வைத்துக் கேளுங்கள். குறைவு ஹெட்போனோடு மற்றக் காதுக்கு மாறினால் வலை அடைபட்டிருக்கிறது, அல்லது அந்தப் பக்கம் பழுது. குறைவு அதே காதில் நின்றால் பிரச்சினை காதில். பெரும்பாலும் குறும்பி உள்ளே தள்ளப்பட்டு அடைத்திருக்கும், கிளினிக்கில் எடுத்துவிடலாம். ஆனால் நேற்று நன்றாகக் கேட்ட காது இன்று எழும்பியபோது திடீரென்று மந்தமாகிவிட்டால், இரைச்சலோ தலைச்சுற்றோ சேர்ந்திருந்தால் இன்னும் முக்கியமாக, குறும்பி என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். உட்காதின் திடீர்ச் செவிப்புலன் இழப்புக்கு மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பலன் கூடும். இரண்டு கிழமை கழித்து வருகிறவருக்குச் செய்யக்கூடியது குறைவு. அன்றைக்கே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு மாற்றம் தெரிந்தது, என்னென்ன குளிசை போடுகிறீர்கள் என்பதையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.