குடலைத் தைக்கும் ரோபோ

1992-இலேயே அமெரிக்காவில் ரோபோடாக் என்ற இயந்திரம், இடுப்பு மூட்டு மாற்றும் அறுவை சிகிச்சையில் தொடை எலும்பைத் தானாகக் குடைந்தது. எங்கே, எவ்வளவு குடைய வேண்டும் என்று சிடி ஸ்கேனை வைத்து முன்பே திட்டம் போட்டுவிடலாம். எலும்பை இறுக்கிப் பிடித்துவிட்டால் அது அசையாது. குடல் அப்படியா? மூச்சு வாங்கும்போது நகரும், தொட்டால் நழுவும், ஊசியைக் குத்தி இழுத்தால் வடிவமே மாறும். சற்றுமுன் எடுத்த படம்கூடப் பழசாகிவிடும்.

(இன்று பரவலாக இருக்கும் டா வின்சி போன்ற அறுவை சிகிச்சை ரோபோக்கள் வேறு வகை. அவற்றில் முடிவெடுப்பதும் கருவியை அசைப்பதும் டாக்டர்தான்.)

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டார் ரோபோ, குடலின் இந்த அசைவைச் சமாளிக்க ஒரு வழி கண்டது. மயக்கத்தில் இருக்கும் பன்றியின் குடல் ஓரத்தில் அகச்சிவப்பு ஒளியில் மின்னும் புள்ளிகளை வைப்பார்கள். முப்பரிமாண கேமரா அவற்றைப் பின்தொடரும். மூச்சு அடங்கி, திசு அசையாமல் இருக்கும் அந்தச் சிறு இடைவெளியைக் கணித்து, எந்தெந்த இடத்தில் தையல் விழ வேண்டும் என்று திட்டம் போடும். மனிதர் சரி என்றதும் தைக்கும். திசு அதிகம் உருமாறிவிட்டால் திட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்கும். வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்பராஸ்கோப்பி முறையில் இப்படிக் குடலின் இரு முனைகளை இணைத்ததை 2022-இல் வெளியிட்டார்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் 2025-இல் வந்த எஸ்ஆர்டி-எச் ரோபோ வேறு ரகம். இதற்கு மின்னும் புள்ளிகள் கிடையாது. பித்தப்பையை அகற்றும்போது அதன் பித்தக் குழாய்க்கும் தமனிக்கும் க்ளிப் போட்டு வெட்டுவதை, மனிதர்கள் செய்துகாட்டிய பதிவுகளைப் பார்த்தே கற்றது. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. இந்த ரோபோ பயன்படுத்தும் டா வின்சி கைகள் கம்பிவடங்களால் இயங்குபவை; கை எங்கே இருக்கிறது என்று அவை தரும் கணக்கு அவ்வளவு துல்லியமாக இருக்காது. அதனால் 'இந்த இடத்துக்குப் போ' என்று கற்றுக்கொடுத்தால் பிசகும். 'இப்போது இருக்கும் இடத்திலிருந்து இவ்வளவு நகர்' என்று கற்றுக்கொடுத்தார்கள். இதற்குள் இரண்டு ஏஐ மாடல்கள் உண்டு. பிடி தவறினால் மேல்நிலை மாடல் அதைக் கவனித்து, 'இடது கையைக் கொஞ்சம் நகர்த்து' என்கிற மாதிரி சாதாரண மொழியிலேயே திருத்தம் சொல்லும். கீழ்நிலை மாடல் அதைச் செய்யும். டாக்டரும் அப்படியே பேசித் திருத்தலாம்.

எட்டுப் பித்தப்பைகளிலும் வேலை முடிந்தது, மனிதரைவிட மெதுவாகத்தான் என்றாலும். ஆனால் அவை உடலிலிருந்து எடுத்த பன்றி உறுப்புகள். ரத்தம் கசியாது, மூச்சும் இல்லை. வேகம் எப்படியும் கூடிவிடும் என்றே நினைக்கிறேன். தனக்குப் புரியவில்லை என்று ரோபோ நேரத்தோடு உணர்ந்து, நிலைமையைப் பிடித்துக்கொள்ள டாக்டருக்கு அவகாசம் கொடுத்து ஒப்படைப்பதுதான் கடினமான பகுதி. ரத்தம் பீறிட்ட பிறகு ஒப்படைத்தால் பயனில்லை.