வெளிநாட்டில் பழைய மோட்டார் படகு வாங்கப் போகிறீர்களா? காசு அனுப்புமுன் இதைப் பாருங்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில் பாசிக்குடாவிலும் பொத்துவிலிலும் உல்லாசப் பயணிகள் கூடக் கூட, லண்டனிலோ டுபாயிலோ இருக்கும் மச்சான் ஒருவர் படம் அனுப்புகிறார்: மோட்டார் யொட் என்ற உல்லாசப் படகு, உள்ளே படுக்கை, சமையலறை, விலையும் மலிவு. இங்கே இருப்பவர் நகையை அடகு வைத்துக் காசு அனுப்புகிறார். அப்புறம் அந்தப் படகு கொழும்புத் துறைமுகத்தில் கிடக்க, நாளுக்கு நாள் வாடகை ஏறுகிறது. கட்டாரில் உழைத்த காசு அப்படிக் கரைந்துபோன குடும்பங்களைத் தெரியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் சுருக்கமானது. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம், எது வரலாம், எதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று சொல்கிறது. வந்ததற்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைச் சுங்கம் பார்க்கிறது. 2020 முதல் அதன் கீழ் வரும் வர்த்தமானி விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், போன வருடம் ஒருவர் கொண்டுவந்தார் என்பது உங்களுக்குச் சாட்சி ஆகாது.

பலர் விழும் முதல் குழி இது: 2025இல் வாகன இறக்குமதி திறந்தாயிற்றுதானே, படகும் வரும் என்று நினைக்கிறார்கள். சுங்கத்தின் பட்டியலில் வாகனம் 87ஆம் அத்தியாயம், படகு 89ஆம் அத்தியாயம். ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்குப் பொருந்தாது. இதில் இன்னொரு வேடிக்கை: படகை ஏற்றிவரும் டிரெயிலர் 87க்குள் வருகிறது. படகுக்கு வழி இருந்தும் டிரெயிலருக்காக மறிபடலாம். மேலதிகமாக ஒரு அவுட்போட் எஞ்சின் (படகின் வெளியே மாட்டுவது) போட்டு அனுப்பினால் அதற்கும் பட்டியலில் தனிக் குறியீடு.

அந்தப் பட்டியலில் உல்லாசப் படகின் குறியீடு 8903இல் தொடங்கும், மீன்பிடிப் படகினுடையது 8902இல். "மீன்பிடி வள்ளம் என்று போட்டால் வரி குறையும் அண்ணே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் தரகர் கட்டாயம் வருவார். படுக்கையும் குளிரூட்டியும் வைத்த படகை எந்த அதிகாரியும் மீன்பிடி வள்ளம் என்று ஏற்கமாட்டார். பொய்ப் பிரகடனம் என்றால் படகு பறிமுதல், அதற்கு மேல் தண்டம். கையெழுத்து உங்களுடையது, தரகர் அன்றைக்கு போன் எடுக்கமாட்டார்.

ஆகவே காசு அனுப்புமுன் கொழும்பில் உள்ள இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். "படகு கொண்டுவரலாமா" என்று கேட்டால் "வரலாம்" என்று வாயால் சொல்லி அனுப்புவார்கள். முழுக் குறியீடு, படகின் நீளம், எஞ்சின் உள்ளே பொருத்தியதா வெளியே மாட்டியதா, செய்த வருடம், பாவித்தது என்ற விபரம் எல்லாவற்றையும் எழுதி, இன்றைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால், அது கையில் இருக்க வேண்டியது படகு கப்பலேறுமுன். ஏற்றிவிட்டு விண்ணப்பித்தால் தண்டம் கட்டியும் தப்ப முடியாமல் போகலாம். கவுண்டரில் இருப்பவர் "பிறகு பார்ப்போம்" என்றால், அந்தப் பிறகு உங்கள் செலவில்தான் நடக்கும்.

வரிக் கணக்கில் ஏமாறுவது இன்னும் கூட. படகின் விலைக்கு மட்டும் வரி இல்லை. கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்குத்தான் வரி. படகு 30 இலட்சம், கூலியும் காப்புறுதியும் 20 இலட்சம் என்று வையுங்கள். அடித்தளம் 50 இலட்சம். வட் எனப்படும் பெறுமதி சேர் வரிக்கு அதன் மேல் 10 வீதம் கூட்டி 55 ஆக்குவார்கள். 18 வீதத்தில் வட் மட்டுமே 9 இலட்சத்து 90 ஆயிரம். சுங்கத் தீர்வை, செஸ் என்ற மேல்வரி, துறைமுக வரி போன்றவை இருந்தால் அவையும் அந்த அடித்தளத்தில் ஏறி வட்டைக் கூட்டும். விற்றவர் குறைத்து எழுதித் தந்த பில்லைச் சுங்கம் ஏற்க வேண்டும் என்றும் இல்லை. வங்கி வழியாக அனுப்பிய காசின் பற்றுச்சீட்டு மட்டும்தான் உங்கள் பக்கம் பேசும். வங்கிக்கு வெளியே உண்டியலில் (கைமாற்றாக) அனுப்பியவருக்கு அதுவும் இல்லை.

மச்சான் பரிசாகத் தந்தது என்றாலும் படகுக்குப் பெறுமதி உண்டு, ஆகவே வரியும் உண்டு. வெளிநாட்டில் வேலை செய்து திரும்புபவரின் பயணப்பொதிச் சலுகை வீட்டுச் சாமானுக்கு. அதில் யொட் அடங்காது.

கூலி ஏன் அவ்வளவு என்றால், சாதாரணக் கொன்டெய்னரின் உள்ளகலம் 2.35 மீற்றர் அளவுதான். 30 அடி மோட்டார் யொட் பெரும்பாலும் 3 மீற்றர் அகலம் வரும். அது பக்கம் திறந்த பிளாட் ரேக்கில், அல்லது வாகனம் ஏற்றும் கப்பலில்தான் வர வேண்டும். இறங்கிய பிறகு அதே அகலத்துடன் மட்டக்களப்பு வரை லொறியில் வர வேண்டும். அதற்கும் பொலிஸ், வீதி அதிகார சபை அனுமதிகளைத் தேடி அலைய வேண்டும். இதைப் படம் அனுப்பியவர் சொல்லமாட்டார்.

பிரித்தானியாவில் வாங்குபவர் கவனிக்க: அங்குள்ள சிறு கப்பல் பதிவேட்டில் பெயர் இருப்பது உரிமைக்கு ஆதாரம் ஆகாது. விற்பனைப் பத்திரம், பதிவு நீக்கிய சான்று, கடன் இல்லை என்ற உறுதி, படகின் உடலில் பொறித்த இலக்கம், நான்கும் பொருந்த வேண்டும். ஏற்றுமதிப் பத்திரத்தில் உங்கள் பெயர் அடையாள அட்டையிலும் வரி இலக்கத்திலும் உள்ள அதே எழுத்தில் இருக்கட்டும். முதலெழுத்தை விரித்து எழுதினாலோ, தகப்பன் பெயரை மாற்றி எழுதினாலோ திருத்தக் கிழமைகள் போகும். துறைமுக வாடகை அதுவரை நிற்காது.

படகு ஊர் வந்ததும் கந்தோர் ஓட்டம் தொடங்கும். மாவட்டக் கடற்றொழில் அலுவலகம், "இது மீன்பிடிப் படகு இல்லை" என்று அனுப்பும். கொழும்பில் வணிகக் கப்பற்துறைச் செயலகம், இவ்வளவு சிறியதற்கு வேறெங்காவது கேளுங்கள் என்று சொன்னாலும் வியக்க வேண்டாம். காசுக்குப் பயணிகளை ஏற்றுவதென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையையும் பார்க்க வேண்டும். படகில் உள்ள வானொலிக் கருவிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு. படகைக் கட்ட இறங்குதுறை அமைக்கப் போனால், கரையில் இருந்து 300 மீற்றருக்குள் கரையோரம் பேணல் திணைக்கள அனுமதி. களப்பு வாய்களில் அந்த எல்லை இன்னும் உள்ளே நீள்கிறது. ஒவ்வொரு இடத்திலும் "எழுத்தில் தாருங்கள், எதற்காக முடியாது" என்று கேளுங்கள்.

அனுமதி எல்லாம் கிடைத்தாலும் தண்ணீர் பேசும். மட்டக்களப்பு முகத்துவாரம் ஆண்டு முழுக்கத் திறந்திருப்பதில்லை; ஆழமும் அப்படித்தான். உள்ளே வந்தாலும் கல்லடிப் பாலத்தின் கீழ் நுழையும் உயரமா என்று பாருங்கள். ஒலுவில் துறைமுகத்தில் நிறுத்தலாம் என்றால், அங்கே மண் நிறைந்து துறைமுக வாய் அடைபட்டதை அம்பாறை மீனவர் சொல்வார்கள்.

வாய்ப் பதிலையே தருபவர்களிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்: "இந்தக் குறியீட்டுக்கு இன்று அமுலில் உள்ள விதி எது? அதன் பிரதி தாருங்கள்." தமிழில் எழுதலாம், கொழும்பில் உள்ள கந்தோருக்கும் தமிழிலேயே. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கையளித்த திகதியோடு ஏற்றுக்கொண்ட சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.