ஓடத் தெரியுது, நிக்கத்தான் தெரியல

செந்தூல், கெப்போங், சிராஸ்னு கோலாலம்பூர்ல எந்தப் பக்கம் போனாலும் ராத்திரி பத்து மணிக்கு ஃபுட்சால் கோர்ட் நிறைஞ்சு கெடக்கு, பழைய ஃபேக்டரி லாட்டையெல்லாம் பேட்மிண்டன் ஹாலா மாத்திட்டாங்க, வேலை முடிஞ்ச கையோட பசங்க நேரா அங்கதான் போறாங்க. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லல. ஆனா திங்கக்கிழமை காலைல எங்க பிசியோ சென்டர்ல நொண்டிக்கிட்டு வந்து உக்காருற கூட்டமும் அங்கருந்துதான் வருது. எப்படிப்பா ஆச்சுன்னு கேட்டா முக்காவாசிப் பேரு சொல்றது ஒரே பதில், "யாருமே இடிக்கலக்கா, சும்மா திரும்புனேன், டப்புன்னு சத்தம் கேட்டுச்சு."

பொய் சொல்லல அவங்க. ஏசிஎல்னு சொல்ற முட்டி ஜவ்வு பெரும்பாலும் எதிராளி மோதி அறுந்து போறதில்ல. வேகமா ஓடி வந்து சட்டுன்னு நிக்கறப்ப, திசை மாத்துறப்ப, குதிச்சு ஒத்தக் கால்ல இறங்குறப்பதான் போகுது. அதாவது பிரேக் போடுற நேரத்துல. தொடைக்குப் பின்னாடி பிடிச்சுக்குமே ஹாம்ஸ்ட்ரிங், அதுவும் அப்படித்தான், ஸ்பிரிண்ட் ஓடுறப்ப முன்னாடி வீசுன கால, அது தரையில படறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இழுத்து நிறுத்துற வேலை அந்தத் தசையோடது, நீண்டுக்கிட்டே இறுக்கிப் பிடிக்கணும், அங்கதான் கிழியுது. நம்ம பசங்களுக்கு ஓட, உதைக்க, ஸ்மாஷ் அடிக்கச் சொல்லித் தர ஆயிரம் பேரு இருக்காங்க, ஓடி வந்து எப்படி நிக்கறது, குதிச்சா எப்படி இறங்குறதுன்னு சொல்லித் தரத்தான் ஆள் இல்ல.

நார்வேக்காரங்க இத நல்லா நோண்டிப் பாத்திருக்காங்க. ஹேண்ட்பால், பாஸ்கெட்பால் ஆடுற பொண்ணுங்களுக்கு மேட்ச் நடுவுலயே ஏசிஎல் போன 10 வீடியோவ எடுத்து, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு கேமரா கோணத்த வச்சு, கம்ப்யூட்டர்ல ஒரு எலும்புக்கூடு மாடல அந்த ஆளு மேல பொருத்தி ஃபிரேம் ஃபிரேமா அளந்தாங்க, 2010ல வந்த ஆய்வு அது. கால் தரையில பட்டு சுமாரா 40 மில்லிசெகண்டுக்குள்ள முட்டி உள்பக்கம் சரிஞ்சு கதை முடிஞ்சிருது. ஒண்ணக் கண்ணால பாத்து மூளை யோசிச்சுக் கால அசைக்க 200 மில்லிசெகண்ட் பக்கம் ஆகும். அதனால "கொஞ்சம் சுதாரிச்சிருக்கலாமே"ன்னு அப்பாமாருங்க பசங்கள திட்டுறதுல அர்த்தமே இல்ல, சுதாரிக்க நேரமே கிடையாது. கால் தரையத் தொடறதுக்கு முன்னாடியே தசையெல்லாம் தயாரா இறுகியிருக்கணும், அது யோசிச்சு வராது, பழக்கத்துல வரணும்.

முட்டி மடங்காம நேரா இருக்க இறங்கினா என்னாகும்னா, முன் தொடைத் தசை கீழ்க்கால் எலும்ப முன்னாடி இழுக்குது, பின்னாடி இழுத்துச் சமாளிக்க வேண்டிய ஹாம்ஸ்ட்ரிங்குக்கு அந்தக் கோணத்துல பிடிமானம் கம்மி, மொத்த இழுவையும் அந்தச் சின்ன ஜவ்வு மேல போய் விழும். இதோட முட்டி உள்ளுக்கு சரியறதும் சேர்ந்துச்சுன்னா கேக்கவே வேணாம்.

படிவம் 2 படிக்கிற ஒரு பொண்ணு, ஸ்கூல் நெட்பால் டீம், அம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க. நெட்பால்ல பந்தப் பிடிச்சப்புறம் ஓட முடியாது, ரூல் அப்படி, பாய்ஞ்சு பிடிச்ச வேகத்த ஒண்ணு ரெண்டு எட்டுல அடக்கி நிக்கணும், முட்டிக்கு இதவிடக் கஷ்டமான விளையாட்டு கொஞ்சம்தான். அது மட்டுமில்ல, வயசுக்கு வந்தப்புறம் பொண்ணுங்களுக்கு ஏசிஎல் போற வாய்ப்பு அதே விளையாட்டு ஆடுற பசங்களவிட ரெண்டு மூணு மடங்கு. இந்தப் பொண்ணுக்கு ஜவ்வு போகல, விளையாடி முடிச்சா வலி, அவ்வளவுதான். 30 சென்டிமீட்டர் பெட்டி மேல ஏறி நிக்கச் சொல்லி, கீழ இறங்கின உடனே மேல குதிம்மான்னு சொல்லி ஃபோன்ல ஸ்லோ மோஷன் எடுத்தேன். செகண்டுக்கு 240 ஃபிரேம், நார்வேக்காரங்க சொன்ன அந்த 40 மில்லிசெகண்ட் அதுல பத்து ஃபிரேம்கிட்ட வரும். விரலால தள்ளித் தள்ளிக் காட்டுனேன். பாதம் படுது, முட்டி கொஞ்சம்தான் மடங்கியிருக்கு, அடுத்தடுத்த ஃபிரேம்ல ரெண்டு முட்டியும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டுக் கிட்ட வருது.

"ஐயோ, என் காலா அது?"ன்னுச்சு பொண்ணு.

அம்மா உடனே, "உருட் போடுற ஆளுகிட்ட காட்டினோம்ங்க, நரம்பு பிசகியிருக்குன்னு மினாக் எண்ணெய் போட்டு நீவி விட்டாரு, முட்டிக்கு மாட்டுற நீ கார்டும் வாங்கிக் குடுத்தோம்" அப்படின்னாங்க. நீவி விட்டா சுகமாத்தான் இருக்கும், வேணாம்னு நான் சொல்லல, ஆனா அந்தப் பத்து ஃபிரேம்ல நடக்கறத மினாக்கும் மாத்தாது, பசார் மாலாம்ல வாங்குற துணி நீ கார்டும் தடுக்காது.

முட்டிய இத்தன டிகிரி மடக்குன்னு சொன்னா எந்தப் புள்ளைக்கும் புரியாது. நான் அவகிட்ட சொன்னது ஒண்ணுதான், "சத்தம் வராம இறங்கும்மா, பக்கத்து ரூம்ல ஆள் தூங்குது." முதல்ல தடால் தடால்னு இறங்குனவ கொஞ்ச நேரத்துலயே இடுப்பையும் முட்டியையும் தானா மடக்கி இறங்க ஆரம்பிச்சிட்டா. அப்புறம் ஒத்தக் கால், அப்புறம் பந்தத் தூக்கிப் போட்டு, அப்புறம் தோள்ல லேசாத் தள்ளி விட்டு, அப்படியே வாரக்கணக்குல ஏத்திக்கிட்டே போகணும். பந்து கைக்கு வந்தா கவனம் கால விட்டுப் போயிரும், மேட்ச்ல நடக்கறதும் அதுதானே.

இதயே டீம் மொத்தத்துக்கும் செய்யுற வார்ம்அப் ஒண்ணு ரொம்ப நாளா இருக்கு, பேரு ஃபிஃபா 11+. 20 நிமிஷம், கூம்பும் பந்தும் போதும், ஓட்டம், பிளாங்க், ஒத்தக் கால் பேலன்ஸ், ஸ்குவாட், குதிச்சு இறங்குறது, ஹாம்ஸ்ட்ரிங்குக்கு நார்டிக், கடைசில வெட்டித் திரும்புற ஓட்டம். 13லருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பொண்ணுங்க ஃபுட்பால் கிளப்புகள்ல நார்வேல செஞ்சு பாத்து 2008ல வெளியிட்டாங்க, மொத்தக் காயம் மூணுல ஒரு பங்கு குறைஞ்சுச்சு, பெரிய காயம் பாதிகிட்ட குறைஞ்சுச்சு. நார்டிக் மட்டும் தனியாச் செஞ்சாலே ஹாம்ஸ்ட்ரிங் காயம் பாதியாக் குறையுதுன்னு பல ஆய்வச் சேத்துப் பாத்துச் சொல்லியிருக்காங்க. அது ஒண்ணும் பெரிய வித்தையில்ல, மண்டி போட்டு உக்காரு, கூட்டாளி கணுக்கால அமுக்கிப் பிடிக்கட்டும், உடம்ப நேரா வச்சுக்கிட்டு முடிஞ்ச அளவு மெதுவா முன்னாடி விழு. மொத வாரம் மாடிப்படி ஏற முடியாம என்னை ஏசுவீங்க, பரவால்ல. ஆனா பாருங்க, கோர்ட்டுக்கு 90 வெள்ளி குடுத்திருக்கோம்னு மணி அடிச்ச உடனே பந்த உருட்டிர்றாங்க, வார்ம்அப்னா ரெண்டு தடவ காலப் பிடிச்சுப் பின்னாடி இழுக்கறதோட சரி. பின்ன பலன் எங்கருந்து வரும். கோர்ட்டுக்கு வெளிய கார் பார்க்ல செய்யலாம்யா, அதுக்குக் காசு கேக்க மாட்டாங்க.

பேட்மிண்டன் அங்கிள்மாருக்கு வருவோம். வலக்கைக்காரங்களுக்கு எந்த முட்டி அதிகம் போகும்னு நெனைக்கிறீங்க? இடது. பேக்ஹேண்ட் பக்கம் பின் மூலைக்குப் பின்னாலயே ஓடி, தலைக்கு மேல அடிச்சிட்டு, இடது ஒத்தக் கால்ல இறங்குற அந்த ஒரு ஷாட்தான், ஜப்பான் ஆய்வு ஒண்ணு 2010ல இதத்தான் காட்டுச்சு. ஸோ பயிற்சியும் அந்த மூலைல, அந்தக் கால்லதான் வேணும். அதோட ரன்னிங் சப்பாத்து போட்டுக்கிட்டு ஆடாதீங்க, அது நேரா ஓடச் செஞ்சது, குதிகால் உசரமா மெத்து மெத்துன்னு இருக்கும், சைடுல பாய்ஞ்சா கணுக்கால் கவுந்துக்கும். நாப்பது வயசு தாண்டி வாரத்துக்கு ஒரு தடவ மட்டும் ஆடுறவங்களுக்குக் குதிகால் தசைநாண், அதான் அக்கிலிஸ், அறுந்து போகும், அப்போ யாரோ பின்னாலருந்து உதைச்ச மாதிரி இருக்கும், திரும்பிப் பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க. கெண்டைக்கால அமுக்கினா பாதம் அசையலன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க.

"சோங் வெய் மே மாசம் அடிபட்டு ஆகஸ்ட்ல ஒலிம்பிக் ஆடலியா"ன்னு நம்ம பேட்மிண்டன் வீரர் லீ சோங் வெய்யோட 2012 கதைய இன்னும் என்கிட்ட சொல்றவங்க இருக்காங்க. அவருக்குப் போனது கணுக்கால் ஜவ்வு, ஏசிஎல் இல்ல, உடம்பத் தேத்துறதே அப்போ அவருக்கு முழு நேர வேலை. ஏசிஎல் ஆபரேஷன் செஞ்சவங்க 9 மாசத்துக்கு முன்னாடி களத்துல இறங்காதீங்க. அந்த 9 மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசம் தள்ளிப் போடப் போட மறுபடி காயம் வர்றது பாதிகிட்டக் குறையுதுன்னு 2016 ஆய்வு சொல்லுது. மாசக் கணக்கு மட்டும் பத்தாது, அடிபட்ட காலோட பலம் நல்ல கால்ல 90 சதவீதமாச்சும் வந்திருக்கணும், அத மெஷின்ல அளந்து பாக்கணும், "இப்போ ஓக்கே மாதிரி இருக்குக்கா"ங்கறதெல்லாம் அளவே இல்ல.

இன்னொண்ணு. டப்புன்னு சத்தம் கேட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள முட்டி பலூன் மாதிரி வீங்கினா உள்ள ரத்தம்னு அர்த்தம். கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்து எலும்பு உடையலன்னு சொன்னதும் நிம்மதியா மாமாக்ல தே தாரிக் குடிக்கப் போயிர்றாங்க. எக்ஸ்ரேல ஜவ்வு தெரியாது, எம்ஆர்ஐ வேணுமான்னு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட கேளுங்க, அதுக்கு நடுவுல அந்த முட்டிய யாருகிட்டயும் முறுக்கக் குடுக்காதீங்க.