ஹார்ட்டாக்: தமிழில் என்ன சொல்லலாம்?

கடல் பயணத்திலும் போரிலும் மாதக்கணக்கில் கெடாமலிருக்கச் சுட்டு வைத்த கெட்டி ரொட்டிக்கு ஆங்கிலத்தில் 'ஹார்ட்டாக்' (hardtack) என்று பெயர். 'ஹார்ட்' புரிகிறது, கெட்டி. குழப்புவது 'டாக்'தான். சிறு ஆணி, பாய்மரக் கப்பல் காற்றுக்கேற்பத் திரும்புவது என்று அதற்கு வேறு பொருள்களும் உண்டு. இங்கே அது பிரிட்டிஷ் மாலுமிகள் சாப்பாட்டுக்கு வைத்திருந்த கொச்சைச் சொல். கரையில் கிடைக்கும் மெத்தென்ற ரொட்டி 'சாஃப்ட் டாக்', கடலில் மாதக்கணக்கில் கடிப்பது 'ஹார்ட் டாக்'.

மாவு, தண்ணீர், சில சமயம் உப்பு. பிசைந்து, தட்டையாக வெட்டி, உப்பாமலிருக்கத் துளை குத்தி, ஈரம் வற்றும்வரை சுடுவார்கள். ஈரம் இல்லாததால் பூஞ்சை அண்டாது. வண்டுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் வீரர்கள் இதைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்துச் சூடான காப்பியில் போடுவார்கள். மிதந்து வரும் புழுக்களை வழித்துப் போட்டுவிட்டுக் குடிப்பார்கள். 'புழுக்கோட்டை' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

சரி, தமிழில்? பிஸ்கட்டுக்கு 'ஈரட்டி' என்றொரு சொல்லாக்கம் இருக்கிறது. 'அட்டாலும் பால்' என்று பள்ளியில் படித்தோமே, அந்த அடுதல்தான், இருமுறை சமைத்தது. பிஸ்கட்டின் லத்தீன் மூலத்துக்கும், ஈழத்தில் 'விசுக்கோத்து' ஆகிவிட்ட போர்த்துக்கீசியச் சொல்லுக்கும் பொருள் இதுவே. அழகான சொல், ஆனால் டீயில் முக்கினால் உடைந்து விழும் பிஸ்கட்டும் ஈரட்டிதானே! 'கல்ரொட்டி' என்றால் தோசைக்கல்லில் சுட்டது என்று நினைப்பார்கள். என் ஓட்டு 'வன்ரொட்டி'க்கு. கதையில் மாலுமி பேசினால் 'கப்பல் ரொட்டி' போதும்.

'கட்டுச்சோறு' என்று மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பதே நம் பழமொழி. உலர்ந்த இறைச்சியைப் பொடித்துக் கொழுப்பில் பிசைந்த வட அமெரிக்கப் பழங்குடிகளின் பெம்மிகன் போன்றவற்றையும் சேர்த்துச் சொல்லப் பொதுப்பெயர் வேண்டுமென்றால், 'ஆற்றுணா' இருக்கிறது. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. கற்றவருக்கு எந்த நாடும் தம் நாடே, அவர்களுக்கு ஆற்றுணா தேவையில்லை என்கிறது பழமொழி நானூறு.

நம் பொரிவிளங்காய் உருண்டையையும் இந்த வரிசையில் தாராளமாகச் சேர்க்கலாம். எங்கள் வீட்டில் அதைத் துணியில் சுற்றி, அம்மிக் குழவியால் ஒரு போடு போட்ட பிறகுதான் வாயில் வைப்போம்.